அணியத்திலிருந்து இரண்டாவது

மொகம் சின்னதாத் தெரியுது அண்ணாச்சி, தொட்டா மறைஞ்சிருது என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொன்னதை, இல்லத்தின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் மாசிலாமணி தாளில் அப்படியே எழுதி, பக்கத்தில் பத்து நாற்பது என்று நேரத்தையும் போட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவர் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் மூட்டை எண்ணியதில் வந்த பழக்கம், ஆனால் இன்றைக்கு மீதிப் பாதிக்கு ஒரு மணி இருபது நிமிஷம்தான் இருந்தது, பன்னிரண்டுக்கு வேன் கிளம்பிவிடும். வேனில் இருபது பேர். இரண்டு வருஷமாக யாரும் தேடி வராத இருபது பேரை வடக்கே பெரிய இல்லத்துக்கு அனுப்ப உத்தரவு வந்து, கையெழுத்தாகி, இன்றைய தேதியும் போட்டாகிவிட்டது, ஏறினவர்களின் பக்கத்தை இல்லத்தின் இணையதளத்திலிருந்து மாலையில் எடுத்துவிட வேண்டும் என்பதும் அந்த உத்தரவிலேயே இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் தங்கபுஷ்பம், சாயல்குடிப் பக்கம், அண்ணன் அழகுலிங்கம் காணாமல் போய் ஆறு வருஷம், நேற்றுத்தான் யாரோ சொல்லி, ஊர்பேர் தெரியாமல் வந்தவர்களை வைத்திருக்கும் இப்படியொரு இல்லம் தூத்துக்குடியில் இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. இ-சேவை மையத்தின் கணினி முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள், பின்னால் யாரோ, எம்மா, ஆறு பேரு நிக்காக, படம் பாக்க வேற எடம் இல்லையா என்கிற சத்தம் கேட்டது, அதையும் எழுதலாமா என்று ஒரு கணம் பேனா நின்று பிறகு எழுதவில்லை. ஒரு படத்தைத் தொலைபேசியில் அனுப்பிவிட்டால் முடிந்தது, ஆனால் அது கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரே ஒரு படம் அனுப்பி, ஒரு தாய் பார்த்த மாத்திரத்தில் எம்மவன்தான் என்று அழுது, வந்து கூட்டிக்கொண்டு போனாள், பன்னிரண்டாம் நாள் புது வேட்டி கட்டிக்கொண்டு அவன் திரும்பி வந்தான், வேறு யாருடைய மகனோ. அன்றிலிருந்து இல்லத்தை நடத்துகிற ஜெசிந்தா சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்துவிட்டார், ஒருவரைக் காட்டக் கூடாது, அந்த வயதுக்காரர் எல்லோரையும் காட்ட வேண்டும், யாரையும் சுட்டிச் சொல்லக் கூடாது, தேடுகிறவரே தொட்டு எடுக்க வேண்டும். ஏங்கின கண்ணுக்கு எந்த முகமும் தன் முகந்தான் அண்ணாச்சி என்று சிஸ்டர் அப்போது சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

நாற்பது வயதுக்கு மேல், ஐம்பதுக்குள், ஏழு பேர். முதல் பக்கத்தில் அறுபத்தொரு பேரின் சின்னப் படங்களும் வரிசையாக இருந்தன, ஒருவரைத் தொட்டால் அவருடைய பக்கம் திறந்து பெரிய படம் வர வேண்டும், அந்த இடத்தில் இப்போது கிழிந்த காகிதம் மாதிரி ஒரு குறியும் அதன் பக்கத்தில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு என்ற எழுத்தும்தான் நின்றன. அந்த எழுத்தை வைத்தது அவர்தான். படம் வராவிட்டால் அதற்குப் பதிலாக என்ன வர வேண்டும் அங்கிள் என்று ரிஸ்வானா கேட்டபோது எண் வரட்டும் என்றார், அப்போது அது சரியாகத்தான் பட்டது, இப்போது ஏழு பேரும் முகம் இல்லாமல் எண்ணாக நிற்பதைப் பார்க்க என்னவோ போல இருந்தது. ரிஸ்வானா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண், காசு வாங்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இணையதளத்தைக் கட்டிக் கொடுத்தவள், பிரேம்ஒர்க் என்று ஒன்றைப் பற்றி அவள் சொன்னது எட்டாம் வகுப்புப் படிப்புக்கு எட்டியவரையில் அவருக்கு இப்படிப் புரிந்திருந்தது: வீட்டின் சட்டம் ஏற்கெனவே நிற்கிறது, நாம் சுவர் மட்டும் வைக்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டாம், ஒரே ஒரு மாதிரிப் பக்கந்தான், எண் மாற மாற அதுவே அறுபத்தொரு பக்கமாக நிற்கும். அந்த மாதிரிப் பக்கத்தைத் திறந்து திருத்த அவருக்கும் அனுமதி கொடுத்திருந்தாள், உங்கள மாதிரி பாத்துப் பாத்துத் தொடுற ஆளு எங்க ஆபீஸ்லயே இல்ல அங்கிள் என்று சொல்லி. அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. போன வாரம் வரைக்கும் பெரிய படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. போன வாரம் என்ன நடந்தது. போன வாரம், வியாழக்கிழமை, அவர் அவளிடம் ஒன்று கேட்டார். அவராக வாய்திறந்து கேட்ட ஒன்றே ஒன்று. ஒவ்வொருவருடைய பக்கத்தின் முகவரியிலும் எண்ணுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி இருந்தது, ஆள் கேள்விக்குறி இருநூற்றுப் பன்னிரண்டு என்கிற மாதிரி, அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உறுத்தியது, இவர்கள் எல்லோரும் ஊரும் பேரும் தெரியாமல் வந்தவர்கள்தான், அதற்காக ஆளுக்கு முன்னால் கேள்விக்குறி எதுக்கும்மா, எடுத்திரலாமா என்றார். அவள் சிரித்து, உடனே எடுத்துடலாம், அழகாவும் இருக்கும் என்றாள். எடுத்துவிட்டாள். அழகாகத்தான் இருந்தது. பழைய முகவரியில் எல்லாப் பக்கமும் தளத்தின் வாசலிலேயே நின்றன, புதிய முகவரியில் ஆண்கள், ஒரு சாய்கோடு, நாற்பது, ஒரு சாய்கோடு, பிறகு எண், நல்ல வீட்டு விலாசம் மாதிரி. அதுவாக இருக்குமோ என்று நினைத்தார், ஒரு குறியை எடுத்ததற்கும் ஒரு முகம் வராததற்கும் என்ன சம்பந்தம் என்று உடனே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுக்களையில் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது, இன்றைக்கு நாற்பத்தொரு தட்டுக்குத்தான் என்று யாரோ சொன்னார்கள், அவர்கள் அந்த இருபதை ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தார்கள்.

ரிஸ்வானாவுக்கு அவர் மூன்று வரி அனுப்பினார், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்பது அதில் ஒரு வரி. பதில் பதினொன்று ஐந்துக்கு வந்தது. மீட்டிங்ல இருக்கேன் அங்கிள், உடைஞ்ச படத்த மட்டும் தனியாத் திறந்து, மேல என்ன முகவரி காட்டுதுன்னு பாருங்க, சர்வர் பதிவுலயும் அதான் இருக்கும், படத்த எந்த எடத்துல போய்த் தேடுதுங்கறதுதான் விஷயம். பதிவு என்பது நீளமாக ஓடுகிற ஒரு பட்டியல், யார் எந்தக் கதவைத் தட்டினாலும் அதில் ஒரு வரி விழும், கதவு இல்லாவிட்டால் வரியின் கடைசியில் நானூற்று நான்கு என்று விழும். மாசிலாமணிக்கு அந்தப் பட்டியலைப் பிடிக்கும், கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைக்குக் கோடு போடுகிற மாதிரி, நாலு நிற்கும் கோடு, ஐந்தாவது குறுக்கே. இப்போதும் தாளில் கோடு போட்டு எண்ணினார். காலையிலிருந்து நானூற்று நான்கு விழுந்தது இருபத்து மூன்று தடவை. படங்கள் இருப்பது வாசலிலேயே உள்ள படங்கள் என்ற அறையில், ஆனால் தேடியிருப்பதோ ஆண்கள், அதற்குள் நாற்பது, அதற்குள் படங்கள் என்ற இல்லாத அறையில். மாதிரிப் பக்கத்தில் படங்கள் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, எங்கே உள்ள படங்கள் என்று எழுதவில்லை, ஆகவே எந்தப் பக்கம் கூப்பிடுகிறதோ அந்தப் பக்கம் தான் நிற்கிற இடத்திலேயே தேடுகிறது. கேள்விக்குறி இருந்த வரைக்கும் எல்லாப் பக்கமும் வாசலில் நின்றன, வாசலில் நின்று தேடியதால் கிடைத்தது. அவர்தான் அவர்களை இரண்டு அறை உள்ளே தள்ளிவிட்டார், மரியாதைக்காக. இதை எழுதிக்கொள்ளலாமா என்று யோசித்து, எழுதாமல், அந்த இருபத்து மூன்றை ஆள்வாரியாகப் பிரித்தார், பிரிக்காமல் விட அவரால் முடியாது. ஆறு பேருக்கு இரண்டு இரண்டு தட்டல், பன்னிரண்டு. மீதிப் பதினொன்றும் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் அந்த ஒரு முகத்தையே பதினொரு தடவை தொட்டிருக்கிறாள். அண்ணனுக்கு இடது புருவத்தில் வெட்டுக்காயம் உண்டு என்று காலையில் சொல்லியிருந்தாள், இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் இடது புருவத்தில் காயம் உண்டு, சின்னப் படத்தில் அது தெரியாது, ஆனாலும் தொட்டிருக்கிறாள். அவன்தான். சொல்லக் கூடாது. இருநூற்றுப் பன்னிரண்டு இப்போது முற்றத்தில் வேனுக்காகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், உன் ஊர் எங்கே என்று யார் கேட்டாலும் கை நீட்டி, இந்தா, இப்படி நேராப் போயி, தண்ணித் தொட்டிகிட்ட கெழக்கத் திரும்பி, மூணாவது வீடு என்று சொல்வான், தெளிவாக, ஒரு எழுத்து மாறாமல். தெற்கு அறையில் படுத்திருந்தபோதும் அதுதான் வழி, வடக்கு அறைக்கு மாற்றினபோதும் அதுதான் வழி, எங்கே நிற்கிறானோ அங்கிருந்து நேராக. மாசிலாமணி ஒருநாள் அவன் சொன்னபடி நடந்துகூடப் பார்த்தார், மூன்றாவது வீடு ஒரு ஐஸ் கம்பெனியாக இருந்தது.

பதினொன்று இருபது. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பது அவருடைய விதி. வெளியே ஒரு படி ஏறிப் போய்த் தேடு என்று சொல்ல இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் உண்டு, ரிஸ்வானா எப்போதோ சொன்னதை ஏட்டில் நாற்பத்தாறாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். படங்கள் என்பதற்கு முன்னால் இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு வைத்தார், வைத்ததை மூன்று தடவை படித்தார், சேமித்தார், அலுவலகத்துக்கு மட்டும் உள்ள தன் பதிவேட்டு வழியாக இருநூற்றுப் பன்னிரண்டைத் திறந்தார். முகம் வந்தது. நெற்றி, பிறகு புருவம், காயம், பிறகு மெதுவாகத் தாடை, மேலிருந்து கீழே இறங்கி நிறைந்தது. ஏழு பேரையும் திறந்தார், ஏழும் வந்தன, ஏழு கோடு போட்டார். ரசம் மணத்தது, இன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. இப்பத் தொடும்மா என்றார். காத்திருந்தார். வரலை அண்ணாச்சி. மறுபடி தொடும்மா. தொட்டுட்டேன், அதே கிழிஞ்ச காயிதந்தான். அவளுக்குப் பின்னால் ஒரு ஆண்குரல், எக்கா, அதுல ஒண்ணும் இல்ல, போனைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ என்றது. எனக்கு வருதேம்மா என்றார் மாசிலாமணி, சொன்ன மறுகணம் அந்த வார்த்தை எங்கேயோ கேட்டதாக இருந்தது. எனக்கு வருது. நான் சரியாகச் சொன்னேன். சன்னலில் ஓட்டுநர் குரூஸ் முகத்தை வைத்து, என்ன அண்ணாச்சி, இருபது பேரை இன்னும் எண்ணுதீயளா, கப்பல்ல இருபதாயிரம் மூடைய இதுக்குள்ள எண்ணிருப்பீயளே என்றான். பன்னெண்டு ஆகட்டும்டே என்றார் அவர். பன்னெண்டுன்னா பன்னெண்டு, பொறவு எங்கிட்ட ராகம் பாடக்கூடாது என்று குரூஸ் போய்விட்டான். பதிவில் புது வரி விழுந்திருந்தது. ஆண்கள் என்ற அறைக்குள் படங்கள் என்ற அறை, இல்லை, நானூற்று நான்கு. ஒரு படி ஏறியிருக்கிறது, இன்னொரு படி மிச்சம். அவர் போன பதிவேட்டு வழி ஒரு அறை ஆழம், அவள் வருகிற வழி இரண்டு அறை ஆழம், ஒரே மாதிரிப் பக்கந்தான் இரண்டுக்கும். இன்னொரு இரண்டு புள்ளி வைத்தால் அவளுக்கு வரும். ஆனால் அது எத்தனை அறை உள்ளே நிற்கிறோம் என்று தெரிந்தவனுக்குச் சொல்கிற வழி, இன்னொருவன் இன்னொரு வழியாக வந்தால் மறுபடி இல்லாத கதவைத் தட்டுவான்.

அன்றைக்குக் கப்பலில் தட்டினது இல்லாத கதவு இல்லை, இருந்த கதவுதான், அதுதான் கெடுதல். அவர் எண்ணுவதற்கு வந்த பதினொன்றாவது வருஷம், கோதுமைக் கப்பல், ஐந்து ஹாட்ச், கப்பலின் வயிற்றில் வரிசையாக ஐந்து அறைகள், மேலே இரும்பு மூடிகள், மூடியில் எழுதியிருந்த எண்கள் துருவில் உதிர்ந்துபோயிருந்தன. மூட்டை இறக்க வந்த சவரிமுத்து கேட்டான், அண்ணே எதுல எறங்கட்டும். ரெண்டாவதுல எறங்கு என்றார். கப்பலில் எதையும் அணியத்திலிருந்து, கப்பலின் முன்மூக்கிலிருந்து, எண்ணுவதுதான் முறை, அவர் அணியத்துப் பக்கம் நின்றார், இரண்டாவது இரண்டாவதுதான். சவரிமுத்து பின்பக்கத்து ஏணியில் ஏறி வந்தவன், புது ஆள், ஏறின இடத்திலிருந்து எண்ணினான், ஒன்று, இரண்டு. அது நான்காவது. நான்காவதில் பூச்சிமருந்துப் புகை போட்டு அடைத்திருந்தார்கள், எச்சரிக்கைப் பலகை காற்றில் கழன்று எங்கேயோ கிடந்தது. மூடியின் சின்னக் கதவைத் திறக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது, கேட்டுக்கொண்டே தாளில் ஒரு கோடு போட்டார், அந்தக் கோடு இன்னும் கண்ணில் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்து விழுந்த கோடு. இறங்கின சவரிமுத்து மேலே ஏறி வரவில்லை. விசாரணையில் நீர் என்ன சொன்னீர் என்றார்கள், ரெண்டாவது என்று சொன்னேன் என்றார், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. சவரிமுத்துவின் மனைவிகூட, நீங்க சரியாத்தான் சொன்னீயளாம் என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் அவள் வீட்டு நடையில் அடுக்கியிருந்த செங்கல்லை எண்ணிக்கொண்டு நின்றார், பதினேழு. சரி என்பது அவர் நின்ற இடத்தில் சரி. அணியத்திலிருந்து ரெண்டாவது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல் கூடுதல். அல்லது நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டிருக்கலாம், அதற்கு என்ன, வாய் வலிக்குமா, ஆனால் அவருக்கு யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம். அணியத்திலிருந்து. பேனா தானாக அந்தச் சொல்லின் கீழ் கோடு போட்டது. இணையதளத்துக்கும் அணியம் இருக்கும். இருந்தாக வேண்டும். ஏட்டைப் புரட்டினார், நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, சாய்கோட்டில் ஆரம்பித்தால் எங்கே நின்றாலும் வாசலிலிருந்தே எண்ணும் என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது, தேதியோடு, எழுதினவருக்கே ஞாபகம் இல்லை. இரண்டு புள்ளியை எடுத்தார். வெறும் சாய்கோடு முன்னால் நின்றது, கொஞ்சம் சாய்ந்து விழுந்த கோடு. சேமித்தார். பதினொன்று நாற்பத்தொன்பது.

இந்தத் தடவை தன் வழியில் திறந்து பார்க்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போய் அவள் போகிற வழியிலேயே போனார், வந்தது, பிறகுதான் தன் வழியில் போனார், அங்கேயும் வந்தது. இப்பத் தொடும்மா. அந்தப் பக்கம் ஒரு மின்விசிறி கட்கட் என்றது, அதை எண்ண ஆரம்பித்து ஒன்பதில் நிறுத்தினார். பதிவில் ஒரு வரி விழுந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு, கடைசியில் இருநூறு, கிடைத்தது என்பதற்கு அந்த எண். இப்போது சொல்வாள். மாசிலாமணி வேன் பட்டியலை எடுத்து இருநூற்றுப் பன்னிரண்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டார். இது எங்கண்ணன் இல்ல அண்ணாச்சி. பேனா அங்கேயே நின்றது. நல்லாப் பாரும்மா என்று சொல்ல நாக்கு வந்தது, காயத்தைப் பாரு என்று சொல்ல வந்தது, கடித்துக்கொண்டார். தூரத்துல பாக்க அவன மாதிரியே இருந்துச்சு, கிட்ட வந்தா இது யாரோ. அவள் குரலில் அழுகை இல்லை, ஏமாற்றுக்காரனிடம் பேசுகிற மாதிரி இருந்தது. மத்த ஆறு பேரையும் பாத்திரும்மா என்றார், எண்ணுகிறவன் குரலில். வரிகள் விழுந்தன, நூற்று எழுபத்தேழு, கிடைத்தது, நூற்று எண்பத்தொன்று, கிடைத்தது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் மூச்சு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு, கிடைத்தது. அதற்குப் பிறகு வரி விழவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேசாதவர், பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறது, பேசாதவர், இரண்டு வருஷம் நான்கு மாதம், புருவத்தில் காயம் எதுவும் குறிக்கப்படவில்லை, சின்னப் படத்தில் யார் கண்ணிலும் தங்காத முகம். சட்டைப் பித்தான் கழுத்து வரைக்கும் போட்டிருக்கான் பாருங்க என்றாள் தங்கபுஷ்பம். எந்த வெயில்லயும் கழுத்து வரைக்கும் போடுவான், எங்கம்மா திட்டிக்கிட்டே இருக்கும். புருவ முடி அடந்து காயத்த மூடிருச்சு. இதுதான் அண்ணாச்சி. இதுதான். எத்தனாவது நம்பரு இது. மாசிலாமணி பட்டியலையும் தொலைபேசியையும் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார், அறுபத்தாறு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை, குரூஸ் சிகரெட்டைக் கீழே போட்டான். வேனில் பதினெட்டுப் பேர் ஏறியிருந்தார்கள், நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆறாவது இருக்கையில் கழுத்துவரை பித்தான் போட்டு வேர்த்து உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா சிஸ்டர் தொலைபேசியை வாங்கி, பேசும்மா, அவரு பேச மாட்டாரு, நீ பேசு என்று அவர் காதில் வைத்தார். என்ன சொன்னாளோ, வெளியே கேட்கவில்லை. பேசாதவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, புஷ்பம், கதவச் சாத்துனியா என்றார்.

சிஸ்டர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டதை மாசிலாமணி பார்க்காத மாதிரி இருந்தார், நூற்றுத் தொண்ணூற்றெட்டை இறக்கிவிட்டு, பட்டியலில் அந்த எண்ணை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் பதினொன்று ஐம்பத்தாறு என்று போட்டார். மிச்சம் இரண்டு பேர் ஏற வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பையோடு எழுந்து வந்தான், படியில் கால் வைத்ததும் திரும்பி, குரூஸைப் பார்த்துக் கை நீட்டி, இந்தா, இப்படி நேராப் போயி, தண்ணித் தொட்டிகிட்ட கெழக்கத் திரும்பி என்று தொடங்கினான். மூணாவது வீடு, தெரியும்டே, ஏறு என்றான் குரூஸ், அதட்டலாக இல்லை. அவன் ஏறினான், மற்றவரும் ஏறினார். மாசிலாமணி ஏறினவர்களுக்குக் கோடு போட்டுப் பார்த்தார், மூன்று கட்டு, குறுக்குக் கோட்டோடு, அதற்கப்புறம் நாலு கோடு தனியாக, குறுக்கே போட ஐந்தாவது இல்லாமல் நின்றன. பத்தொன்பது. வேன் வாசலைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்தார், வடக்கே. இருநூற்றுப் பன்னிரண்டின் பக்கத்தை மாலையில் எடுக்க வேண்டும், எடுக்காமல் விட்டால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது, அவன் முகம் இப்போது எந்த வழியாக வந்தாலும் தெரியும். தொலைபேசி திரும்பவும் அவர் கைக்கு வந்திருந்தது, அதற்குள்ளிருந்து தங்கபுஷ்பம், அண்ணாச்சி, அண்ணாச்சி, நான் இப்பவே பொறப்படுதேன், உங்க எடத்துக்கு எப்படி வரணும், வழி சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு வழி மனப்பாடம். இடது கைப்பக்கம் இரண்டாவது ரோடு என்று வாய் தொடங்கிவிட்டது. நிறுத்தினார். தொண்டையைச் செருமிக்கொண்டார், யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத தொண்டை.

நீ எந்தப் பக்கமிருந்தும்மா வருவே, என்றார், எங்க எறங்குவே, அதச் சொல்லு மொதல்ல.